கூடை இறங்கும் வீடு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உப்பை எடுத்துத் தரச் சொல்லும் குரலில் என் மனைவி கேட்டாள்: “இந்த வீட்ட வித்துட்டு, மாடி இல்லாத வீடா பாத்துப் போயிடலாமா?”

யோசிக்கிறேன் என்றேன். எழுத்தாளன் யோசிக்கிறேன் என்றால், தனக்குச் சாதகமாக ஒரு கதை எழுதப் போகிறான் என்று அர்த்தம். இந்தக் கதையில் கணவன் நியாயஸ்தன். மனைவி கடைசிப் பத்தியில் மனம் மாறுவாள். ஆக, முடிவு தயார். தொடக்கம்தான் தகராறு செய்தது.

முதல் முயற்சி: அந்த வீடு அவர்களைப் பார்த்துப் புன்னகை

(வீட்டுக்கு ஏது வாய்? விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: மாடியறையில் அமர்ந்து எழுதும் அவனுக்கு உலகமே காலடியில்

(படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

2

கூடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. எங்கள் மாடியில் நான் எழுதும் அறை மட்டும்தான். படிகள் வளைந்து ஏறும், நடுவில் ஓர் இடைவெளி. அதன் வழியே கயிறு கட்டிய பிரம்புக் கூடை ஒன்று போய்வரும். மேலே வருவது டீ பிளாஸ்க், மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி, மடித்த துண்டு. கீழே போவது காலி டம்ளரும் நான் எழுதிய தாள்களும். மனைவி ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறாள். என் கதைகளும் அவள் பென்சிலுக்குத் தப்பியதில்லை.

அவளுக்கு முழங்கால் வலி வந்தபோது கூடையைக் கட்டியவன் நான்தான். அதைக் காதல் என்று இரண்டு பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.* வலி குறைந்ததா என்று அப்புறம் கேட்ட ஞாபகம் இல்லை. கூடைதான் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே.

* இரண்டு பேட்டிகளுக்கும் மெய்ப்புப் பார்த்தது அவள்தான். அந்த வரியில் மட்டும் பென்சில் படவில்லை.

3

சரி, கதை. கணவன் எழுதிக்கொண்டிருக்கிறான். மனைவி மாடியேறி வருகிறாள். சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும் அவன் மேஜையைத் தடவிப் பார்த்து, “இத விட்டுட்டு எப்படிங்க போறது?” என்று கண்கலங்குகிறாள். அவளைக் கண்கலங்க வைக்க எனக்கு அரை நாள் பிடித்தது. தாள்களைக் கூடையில் வைத்து இறக்கினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தன. ஓரத்தில் இரண்டே குறிப்புகள்.

“இவள் எப்படி மேலே வந்தாள்?”

“மேஜை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. சுவரை அல்ல.”

4

இரண்டாவது குறிப்பைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கண்டுபிடித்த முதல் பிழை! ஜன்னல் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று மேஜையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டவனே நான்தான். படிக்கட்டு இடைவெளியில் தலையை நீட்டி, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி அதைச் சொன்னேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“எப்ப திருப்பினீங்க?”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மகள் கல்யாணத்துக்கு அடுத்த கோடையில். அந்த மகளின் குழந்தை இப்போது போனில் என்னை அதட்டுகிறது.

“அப்படியா. அந்தக் குறிப்ப அழிச்சிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முதல் குறிப்பை அழிக்கச் சொல்லவில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

5

ஆகவே பழைய முடிவு செல்லாது. புதிதாக எழுதியவை:

அ) அவன் மேஜையைக் கீழே கொண்டுவருகிறான். (கீழே ஒரு கூடம், ஒரு படுக்கையறை. மேஜை வந்தால் அவள் மேஜை வெளியே போக வேண்டும். இதற்குப் பேர் தியாகமாம்.)

ஆ) படிக்கட்டில் ஓடுகிற மின்சார நாற்காலி ஒன்றை மாட்டுகிறான். (விசாரித்தும் பார்த்தேன். அதுவும் கூடைதான், கொஞ்சம் பெரிசு.)

இ) நாளைக் காலை தரகர் அவளுக்குக் காட்டப்போகும் வீட்டுக்கு அவனும் போகிறான். அங்கே படி கிடையாது. அவனுக்கென்று தனியறையும் கிடையாது. அங்கே போய் அவன்

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. இந்த அறையில் மட்டும்தான் எனக்கு எழுத வரும் என்று நம்பியே வயதாகிவிட்டது. வேறிடத்தில் வராமல் போனால், நான் வெறும் முன்கோபக்காரக் கிழவன்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்தே கூடையில் வைத்து இறக்கினேன். எது பொருத்தம் என்று அவளே குறிக்கட்டும்.

கீழே தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“இழுங்க.”

இழுத்தேன். கனமே இல்லை. கயிறு மட்டும்தான் வந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முடிச்சு அவிழ்த்த கூடை அவள் மடியில் இருந்தது, தாள்களோடு. பென்சில் காதோரம் செருகியே இருந்தது, எடுக்கவில்லை.

“முடிவு எங்கங்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

வாசகரே, முடிவு வேண்டுமென்றால் நீங்கள் மேலே வந்து எழுதிக்கொள்ளுங்கள். அறை திறந்துதான் இருக்கிறது. பேனா மேஜைமேல், மேஜை சுவரைப் பார்த்து. படிகள் செங்குத்து, கைப்பிடியை விடாதீர்கள். பாதி வழியில் முன்கோபக்காரக் கிழவர் ஒருவர் இறங்கி வருவார். கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்.