தாள்களில் வந்த முதுகு

எங்கள் ஊரில், வீட்டைவிட்டுப் போனவர்களைத் தாளில் வரைந்தால் திரும்பி வருவார்கள். எப்படி வருவார்கள், எத்தனை நாள் இருப்பார்கள் என்பதெல்லாம் தாளைப் பொறுத்தது. ஒரே நிபந்தனை, கடைசியாகப் பார்த்த கோலத்தில்தான் வரைய வேண்டும். கைச்சரக்கு சேர்த்தால் தாள் ஏற்காது.

தில்லைநாயகியின் புருஷன் சொக்கலிங்கம் ஒருநாள் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனவர். ஏன் போனார் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும் அவளுக்கு. ஆனால் அவள் கடைசியாகப் பார்த்தது இடது தோளில் பையோடு படியிறங்கிய முதுகைத்தான். போகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டா போவார்?

முதலில் நியூஸ்பிரிண்ட் தாளில் பென்சிலால் வரைந்தாள். பழகுகிறவர்களுக்கான மலிவுத் தாள். வந்து முதுகைக் காட்டி நின்றார். முன்னால் போய்ப் பார்த்தாள், அங்கேயும் முதுகு. சாயங்காலத்துக்குள் மஞ்சளித்து, ஓரமெல்லாம் பொடிந்து, படியிறங்கிவிட்டார்.

பேஸ்டல் தாள் சொரசொரப்பானது, வண்ணப்பொடியைப் பிடித்துக்கொள்ளும். அதில் அச்சு அசலாக வந்தார். ஆசை யாரை விட்டது? தோளைத் தொட்டாள். தோள் கையோடு வந்துவிட்டது.

வாட்டர்கலர் தாளை நனைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் இழுத்துக் கட்டினால்தான் சுருங்காது. அப்படி வந்தவரால் அசைய முடியவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் அவளே டேப்பைப் பிய்த்து அனுப்பிவைத்தாள்.

காகிதக்கடை மீரான் பாய் யோசித்துச் சொன்னார். "டிரேசிங் பேப்பர்ல போடுங்க தங்கச்சி. அந்தப் பக்கமும் தெரியும்லா? திருப்பிப் பாத்தா மூஞ்சி வந்துரும்."

நியாயமாகத்தான் பட்டது. வரைந்து திருப்பினாள். அந்தப் பக்கமும் முதுகுதான். இடது தோளில் தொங்கிய பை வலது தோளுக்கு மாறியிருந்தது. அவருக்குள்ளே சுவர்க் காலண்டர் தெரிந்தது. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள்.

அழுத பிறகும் விடவில்லை. ஜன்னலோர மேசையில் குனிந்தே கிடந்தாள். மகள் சுகன்யா காலேஜுக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாரேம்மா" என்பாள். மேசையிலிருந்து "ம்" என்று வரும். சாயங்காலம் "வந்துட்டேன்" என்பாள். அதற்கும் "ம்". பிறகு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். எப்போது நிறுத்தினாள் என்பது தில்லைநாயகிக்குத் தெரியாது.

ஒருநாள் தாள் தீர்ந்துபோய் நிமிர்ந்தபோது, அடுப்படியில் ஒருத்தி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகி கட்டியிருந்த அதே நீலப் புடவை, அதே அவிழ்ந்த கொண்டை. முதுகைக் காட்டி நின்றாள். சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து காலேஜ் கதை எதையோ சொல்லிச் சிரித்தாள். நின்றவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்தப் பேப்பரு?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

"காட்டன் பேப்பரும்மா. நூறு வருசமானாலும் மஞ்சளிக்காதாம்."

நல்ல தாள்தான். தில்லைநாயகி உப்பு ஜாடியை எடுத்து, அடுப்படியில் நின்றவளின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.