போகாதேவுக்குக் கேலி இறக்கிய சாயங்காலம்

காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் கேலி இறக்குவார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் பாயில் உட்காரவைத்து, வைக்கப்போகும் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்கள் தொட்டிலைப் பார்த்து வாய் வலிக்கும்வரை அந்தப் பெயரைக் கேலி செய்வார்கள். அன்றைக்குச் சொல்லி, சிரிப்பும் விழுந்துவிட்ட கேலியை அப்புறம் ஆயுசுக்கும் யாராலும் அந்தக் குழந்தையிடம் சொல்ல முடியாது. சொல்ல வாயெடுத்தால் கொட்டாவிதான் வரும். சொல்லாமல் விட்டது மட்டும் எங்கேயாவது காத்துக்கொண்டிருக்கும். நாலாம் வகுப்பு என்பது பெரியவர்கள் யோசித்து வைத்ததுதான். மூன்றாம் வகுப்புக்கு விஷமம் பத்தாது. ஐந்தாம் வகுப்பில் இரக்கம் வந்து தொலைக்கிறது.

செங்கோட்டுவேல் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவன் மனைவி மேகலா பெண் குழந்தைக்குத் தேர்ந்தெடுத்த பெயர் போகாதே.

"வேற பேரே வேண்டாமுங்க," என்றாள். "கூப்புடறவங்க அத்தன பேரும் அவகிட்ட அதையே சொல்லீட்டு இருக்கோணும். டீச்சரு, பக்கத்து வீட்டுக்காரங்க, சண்ட போடற புள்ளைங்க, எல்லாரும்."

இதற்குக் காரணம் மூத்தவன் அகிலன். அவன் பெயருக்குக் கேலி இறக்க வந்த பிள்ளைகள் வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் அகப்படாமல், சுண்டலைத் தின்றுவிட்டுப் போனார்கள். அப்பழுக்கில்லாத பெயர் என்று ஊரே மெச்சியது. ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தப் பெயர் யார் வாயிலும் வரவில்லை. பிடித்து நிறுத்த ஒரு பிசிறுகூட இல்லாத பெயரை வைத்துவிட்டோமே என்று மேகலா அழுது தீர்த்தாள். இருந்திருந்தால் அவனும் இந்த வருஷம் நாலாம் வகுப்பு.

செங்கோட்டுவேலின் கவலை வேறு. அவனுக்குக் கேலி இறக்கிய அன்று வீட்டில் பெருமைக்குப் பலகாரம் அதிகம் செய்துவிட்டார்கள். பிள்ளைகள் உண்ட மயக்கத்தில் பாதியிலேயே தூங்கிப்போனார்கள். மிச்சமிருந்த கேலியெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலில் அவனுக்காகக் காத்திருந்தது. அதைத் தாங்க மாட்டாமல்தான் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பஞ்சர் ஒட்டப் போனான். தன் மகளுக்கு ஒரு சொல்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைத்தான். சுண்டலை அளவாக அவிக்கச் சொன்னான்.

பிள்ளைகள் வந்து பெயரைக் கேட்டதும் வீடே அதிர்ந்தது.

"போகாதே, போகாதே, மூக்கு ஒழுகாதே!"

"பெல் அடிச்சாலும் இவ வூட்டுக்குப் போக முடியாது. வாட்ச்மேன்கூடத்தான் படுத்துக்கோணும்!"

"கக்கூசு அவசரமா வந்தா என்ன பண்ணுவா?"

"கல்யாணத்தன்னிக்கு மாப்ள மட்டும் தனியா வூட்டுக்குப் போவான்!"

ஒவ்வொன்றும் விழ விழ செங்கோட்டுவேலின் நெஞ்சு லேசானது. மேகலா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் தாய் அதட்டக் கூடாது என்பது முறை. வகுப்புத் தலைவி யாழினி கடைசியில் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தீந்துபோச்சுங்க மாமா."

செங்கோட்டுவேல் நம்பவில்லை. தண்ணீரில் அமுக்கிய ட்யூபில் எங்கிருந்தோ ஒரு குமிழி வருகிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் சுவரில் மாலை போட்டிருந்த அகிலன் படத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னொண்ணு இருக்குது," என்றான்.

"இருக்குதுங்க. ஆனா அத நாங்க சொல்ல மாட்டோம்."

"சொல்லு சாமி. நீ சொல்லாட்டி நாளைக்கு வேற யாராச்சும் அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாங்க."

யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். மற்ற பிள்ளைகளும் மாட்டோம் என்றார்கள். வேறு பிள்ளைகளை அழைக்க நேரமில்லை, விடிந்தால் பெயர் சூட்டல். நாலாம் வகுப்பு வாயால்தான் கேலி இறங்கும். அவன் படித்ததும் நாலாம் வகுப்புதான்.

"நகரு," என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த பையன் இடம் விட்டான். சம்மணம் போட்டபோது முழங்காலில் வழக்கமான வலி இல்லை. தொண்டையைச் செருமினான், குரல் கீச்சென்று வந்தது. தொட்டிலைப் பார்த்தான். மகள் விரலைச் சப்பிக்கொண்டு விழித்திருந்தாள்.

"போகாதே, போகாதே, உங்கொண்ணன் போயிட்டான். நீ எப்பப் போவ?"

சிரிப்பு விழாவிட்டால் கேலி இறங்கினதாக ஆகாது. ஆகவே பிள்ளைகள் சிரித்தார்கள். ரெண்டு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடிய சொல்லா இது. ஆனால் சொல்லிவிட்டான். இனி யாருக்கும் கொட்டாவிதான்.

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுண்டல் பாத்திரத்தை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தொன்னையில் போட்டு, எந்த வீடு என்று கேட்டு, பார்த்துப் போகச் சொல்லி அனுப்பினாள். வரிசையில் கடைசியாக நின்ற பையனுக்கு, பஞ்சர் பசை வாசமடிக்கும் செங்கோட்டுவேலின் சட்டைக் கை விரல்களை மூடித் தொங்கியது. தொன்னையை வாங்க முடியாமல் தடுமாறினான். அவள் குனிந்து இரண்டு கைகளையும் மடித்துவிட்டாள்.

"நீ எந்த வூடு கண்ணு?"

"இந்த வூடுதானுங்க."

மேகலா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். வாசலில் செருப்புகள் எல்லாம் போய், ஒரு சின்ன ஜோடி மட்டும் கிடந்தது.

"அப்படீன்னா காலக் கழுவீட்டு உள்ள வா," என்றாள்.

அவன் தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவும்போது உள்ளே தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது. மேகலா குழந்தையை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"போகாதே, இங்க பாரு சாமி. உங்கொண்ணன் வந்துட்டான்."