கழுவக் கொடுத்த கால்

கால் டாக்டர் ஒருவரைத் தேடி நான் நாய் படாத பாடு பட்டேன். என் புருஷன் டெல்மர் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். பிறகு சர்க்கரையும் வந்தது. இப்போது அரசாங்க இன்சூரன்ஸ் அட்டையை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போய், பூட்ஸுக்குள் ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறான். இடது உள்ளங்காலில் புண். ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.

"சீக்கிரமா ஒரு கால் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. இல்லன்னா காலையே எடுக்க வேண்டியதாயிடும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

அட்டைக்காரர்களுக்கான எண்ணைக் கூப்பிட்டேன். காது வலிக்கப் பாட்டுப் போட்டுவிட்டு, மூன்று பெயர்களைச் சொன்னார்கள். முதல் எண்ணில் ஒரு கிழவி எடுத்தாள்.

"என் வீட்டுக்காரரா? அவரு செத்தே ரெண்டு வருஷமாச்சு. இன்னும் உன்ன மாதிரி யாராவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. கல்லறையில ஒரு போன் வச்சுக் குடுக்கட்டுமா?"

அடுத்தவர் குழந்தைகளுக்கு மட்டும் பார்ப்பவராம். மூன்றாமவர் மலை தாண்டி லெக்சிங்டனில் இருந்தார். ஐந்து மாதம் கழித்து வரச் சொன்னார். புண்ணுக்கு அதுவரை பொறுமை இருக்குமா?

எங்கள் ஊரிலும் ஒரு கால் டாக்டர் இல்லாமல் இல்லை. ஹோலிஸ். பாலத்தைத் தாண்டினால் அவர் பெயர்ப்பலகை. அங்கேயும் கூப்பிட்டேன். போனை எடுக்கிற பெண் கென்சி, நான் பார்க்க வளர்ந்தவள்.

"அந்த அட்டைய டாக்டர் எடுக்கறதில்ல அத்தை."

"டாக்டரும் நாங்களும் ஒரே சபைடி. ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"யாரா இருந்தாலும் இதையேதான் சொல்லச் சொல்லியிருக்காரு."

சபையில் நேரிலேயே கேட்டுவிடலாம் என்றால் டெல்மர் குதித்தான். "அங்க போயி பிச்சை கேட்டே, அப்புறம் நான் சபைக்கே வரமாட்டேன், பார்த்துக்கோ." வறட்டு கௌரவம் பிடித்த மனுஷன்!

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் வருஷத்தில் ஒரு ஞாயிறு, அப்பமும் திராட்சைரசமும் முடிந்த பிறகு, இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். இடுப்பில் துண்டைக் கட்டி, மண்டியிட்டுக் கழுவி, துடைத்துவிட்டு, கட்டிப்பிடித்து அழுவோம்.

"கேக்க வேணாம், கெஞ்ச வேணாம்" என்றேன். "ஹோலிஸ் பக்கத்துல உக்காந்து பூட்ஸைக் கழட்டு, அது போதும். கையில புடிச்ச காலைப் பார்க்காம எந்த டாக்டர் இருப்பான்?"

சரியென்று தலையாட்டினான்.

ஞாயிறன்று நான் பெண்கள் பக்கம் இருந்தேன். என் இரண்டு காலும் எங்கள் சபை சிஸ்டர் ஆர்டித்தின் அகலப் பாத்திரத்தில். எதிரே ஹோலிஸ் என் புருஷன் முன்னால் மண்டியிட்டார். டெல்மர் வலது பூட்ஸைக் கழற்றினான். வலதை மட்டும்.

"இடது கால்ல சுளுக்கு பிரதர். இது ஒண்ணே போதும்."

"ஒண்ணு போதும் பிரதர், மனசுதான் முக்கியம்" என்றார் ஹோலிஸ்.

கால் டாக்டராம்! பூட்ஸை ஏன் கழற்றவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து ஓடலாமென்றால் ஆர்டித் என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

வண்டியில் ஏறியதும் வெடித்தேன். "ஏன்யா இப்படிப் பண்ணே?"

"நாத்தம் அடிக்குதுடி, ஓப்பல். கர்த்தர் வீட்ல அதை எப்படி நீட்டுவேன்?" என்றான். நான் வண்டியைக் கிளப்பினேன்.

கோடை முடிவதற்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு மட்டும் அட்டை செல்லுபடியானது. அறுவைக்கும் படுக்கைக்கும் சக்கர நாற்காலிக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஹோலிஸ் பார்க்க வந்தார். கையில் அவர் மனைவி சுட்ட ஆப்பிள் பை பலகாரம்.

"அன்னிக்கே காட்டியிருந்தா சும்மாவே பார்த்திருப்பேனே பிரதர்."

அந்தப் பலகாரத்தை அவர் மூஞ்சியிலேயே அப்பியிருப்பேன். டெல்மர் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் போன பிறகு, "பார்த்தியா, தப்பு என்னோடது" என்றான். பாவி மனுஷன், அதை அப்படியே நம்பிவிட்டான். அன்றிலிருந்து ஹோலிஸைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னாலும் சண்டைக்கு வந்தான்.

மறுவருஷம் அந்த ஞாயிறு வருவதற்குள் வலது குதிகாலிலும் கறுப்பு விழுந்தது. இந்த முறை நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹோலிஸ் முன்னால் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, குதிகாலைத் திருப்பி நீட்டினான்.

"பாருங்க பிரதர். இந்தத் தடவை மறைக்கல."

ஹோலிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நன்றாகவே பார்த்தார். புண்ணைச் சுற்றிப் பதமாகக் கழுவினார், துண்டால் ஒற்றினார், கட்டிப்பிடித்து அழுதார். நல்ல அழுகை, குறை சொல்ல முடியாது. "திங்கட்கிழமை ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை கதவு திறக்கும் நேரத்துக்கே கூப்பிட்டேன்.

"டாக்டர்தான் போன் பண்ணச் சொன்னாருடி, கென்சி."

இருங்கள் என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "அட்டைய எடுக்க முடியாதாம் அத்தை. ஒருத்தருக்குச் சும்மா பார்த்தா நாளைக்கு ஊரே வந்து நிக்குமாம். உங்களுக்காக ஜெபம் பண்றாராம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். டெல்மர் காலைக் கழுவி, நகம் வெட்டி, சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வாசல் பக்கம் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டான்.