மூச்சு மரியாதை

செவ்வாயில் புதுக் காற்று முதல் கப்பலில் வந்தவர்களுக்கு உரியது. அவர்கள் விட்ட மூச்சு இரண்டாம் கப்பல்காரர்களுக்குப் போகும். அவர்கள் விட்டது மூன்றாம் கப்பல்காரர்களுக்கு. கப்பலுக்கு ஒரு தெரு. மூன்று தெருவும் இழுத்து விட்ட பிறகுதான் மூச்சு சுவரில் ஈரமாகப் படிந்து அடங்கும். காற்றுக்காகப் பாசி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைக் கட்டியவர்கள் எல்லாத் தெருவுக்கும் ஒன்றாகத்தான் குழாய் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் முதல் மரியாதை யாருக்கு என்று முதல் திருவிழாவிலேயே தகராறு வந்தது. பிறகு குழாய்களை வரிசையாக மாற்றினார்கள்.

தவசி மூன்றாம் கப்பல். கூடத்தின் கண்ணாடியில் படியும் சிவப்புத் தூசியைத் துடைப்பது அவர் வேலை. துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மூச்சு இழுப்பார். அதில் முதல் தெருவின் பூண்டு ரசம் மணக்கும். அங்கே வாய்வரை வந்து விழுங்கப்பட்ட சொற்களும் கூடவே வரும். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தவசி, அந்த மோதிரத்தை எங்கடி வைத்தாய் என்று கேட்டுவிடுவார். மகள் பூங்காவனம், எனக்குத் தெரியாதுங்க என்று யாருடைய பதிலையோ சொல்லிவிட்டு அரிசி களைவாள்.

பூங்காவனத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கை காலை நன்றாக ஆட்டியது. மூச்சு மட்டும் இழுக்கவில்லை. மருத்துவச்சி பார்த்துவிட்டு, பழைய மூச்சுக்கு இது வாய் திறக்காது, புதுக் காற்று வேண்டும், பொழுது சாயும்வரைதான் தாங்கும் என்றாள்.

தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் தெருவுக்குப் போனார். அங்கே பரிவட்டம் கட்டும் உரிமை வைரவநாதனுக்கு. அவர் தவசியை உட்காரச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. தவசி நின்றபடியே ஒரு வாய்க் காற்று கேட்டார். வைரவநாதன் இரக்கமுள்ளவர். கண் கலங்கிவிட்டது.

"குடுக்கிறதுல ஒண்ணும் இல்ல, தவசி. ஒருத்தர் மட்டும் இழுத்த மூச்சு அடங்காதே. ஒங்க பிள்ளை விடுறத அடுத்து யார் இழுக்கிறது? நாங்களா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. தவசி தலையைச் சொறிந்தார்.

"விடாம வச்சுக்கிட்டா, சாமி?"

தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பிள்ளை இழுக்கலாம், மூன்றாம் தெருவுக்குக் கீழே ஆள் வரும்வரை விடக்கூடாது என்று முடிவாயிற்று. கூடத்து வாசலில் பிள்ளை நெஞ்சு புடைக்க இழுத்தது. பூங்காவனம் உடனே வாயையும் மூக்கையும் பொத்தினாள். இரண்டாம் முறை பொத்த வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

பல் முளைத்தது. நடந்தது. அழவில்லை. அழுத பிறகுதான் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் பெயரும் இல்லை. ஒரே ஒரு தடவை அழுடா என்று பூங்காவனத்துக்குச் சொல்ல வரும். சொன்னால் பிள்ளை கேட்டுவிடும் என்று விழுங்கிக்கொள்வாள்.

நான்காம் கப்பல் இறங்கிய அன்று மூன்றாம் தெருவில் வேட்டு வெடித்தார்கள். தவசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கை காட்டினார். களைத்திருந்த அவர்கள் எதுவும் கேட்காமல் கடைசிக் குழாயடியில் போய் நின்றார்கள். தவசி வீட்டுக்கு ஓடினார்.

"விடு ராசா. ஆள் வந்தாச்சு."

பிள்ளை மூச்சை விட்டது. சத்தமே இல்லை. அழுகை முழுக்க மூச்சோடு குழாயில் போய்விட்டது. நான்காம் தெருவில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கை காலை உதைத்துக்கொண்டு வீறிட்டார். பூங்காவனம் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள், அழுதவருக்குச் செல்லப்பாண்டி என்று பெயர் வைத்தார்கள். வைரவநாதனே அவர் காதில் மூன்று முறை சொன்னார். கூடியிருந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். பிள்ளையும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது.