ஏழு தலைக்கு இரண்டு அறை

கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்துவிட்டு மாடிவீடு தரப்போவதாகச் சொல்லி வீட்டு வாரிய ஆட்கள் கணக்கெடுக்க வந்த அன்று, இஸ்திரிக்காரிக்குச் சலவைக்கடையில் லீவு கிடைக்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் புருஷனை, அடுத்த குடிசைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் கணக்கில் அடுப்புக்கு ஒரு வீடு, ஒரு அறை. ஆறு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு அறை. தங்கை வீட்டில் ஐந்து பேர்தான். அவள் அக்காளின் அடுப்பைத் தூக்கித் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, எல்லோரும் ஒரே குடும்பம் என்று ஏழு பேர் எழுதவைத்தாள். படுத்திருந்தவர் காதில் எல்லாம் விழுந்தது. அவருக்குத் தினமும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான். வாயைத் திறக்கவில்லை.

“ஒண்ணாத்தானேக்கா இருக்கப்போறோம்? இதுல என்ன உன்னுது என்னுது?” என்றாள் தங்கை. இஸ்திரிக்காரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எட்டாவது மாடி. எட்டே மாதம். தங்கை மகளுக்குக் கல்யாணம் ஆகி, வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கினான். அறை வேண்டும் என்று தங்கை முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பத்திரம் தங்கை புருஷன் பேரில் இருந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. புருஷனைப் போர்வையில் கட்டி, இரண்டு பேரை வைத்துப் படிப்படியாக இறக்கினாள். வலியில் அவர் முனகினார். மேலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: “பார்த்துக்கா, சுவத்துல பெயின்ட் உரிஞ்சிடப்போகுது.”

வாரிய ஆபீசில் போய் நின்றாள். பட்டியலில் அவள் பேரைத் தொட்டுக் காட்டி, “உங்களுக்குத்தான் வீடு குடுத்தாச்சேம்மா. ஒரு தடவைதான்” என்றார் அதிகாரி.

பாலத்துக்கடியில் தார்ப்பாய் கட்டினாள். ஈரத்தில் அவருக்கு முதுகெல்லாம் புண் வைத்தது. மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார்.

தங்கை வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆட்கள் கலைந்ததும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“சாவைப் பதிய வேணாங்க்கா. தலை குறைஞ்சா ஒரு அறையைப் பிடுங்கிக்குவாங்க.”

இஸ்திரிக்காரிக்கு அழுகை நின்றுவிட்டது. மறுநாள் வாரிய ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்று, முதல் ஆளாகப் பட்டியலில் சாவைப் பதியவைத்தாள். வீட்டு எண்ணையும் தானே சொல்லி எழுதவைத்தாள். அறையை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டாள்.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “குடுத்ததை யாரும்மா திரும்ப எடுப்பாங்க? அப்படியெல்லாம் சட்டமே கிடையாது.”

கடைக்கு நேரமாகிவிட்டது. நடந்தே போனாள்.