பரணில் இல்லாதது

ஐஸ் பெட்டியின் முன்பாதி வீட்டுக்குள்ளும் பின்பாதி வாசற்படியிலுமாக நின்றுவிட்டது. தூக்கி வந்த இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, யாராவது ஒரு முடிவு சொல்லட்டும் என்று பார்த்தார்கள். ஹாலில் பாதியைப் பெத்லகேம் பிடித்திருந்தது.

தான் கட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலைப் பெத்லகேம் என்றுதான் சூசைமாணிக்கம் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு அது சங்கரன்கோவில் மாதிரிதான் தெரியும். எட்டடிக்கு ஐந்தடி பிளைவுட் பலகை. கோணிச்சாக்கைச் சாயத்தில் முக்கிச் செய்த மலை. அதன் அடியில் ரயில்வே ஸ்டேஷன், பூ மார்க்கெட், சிவகிரி என்று போர்டு மாட்டிய தீப்பெட்டி அளவு பஸ், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து ஆட்டுக்கிடை. தட்டுகளில் கேப்பை விதைத்து முளைக்கவிட்ட பச்சை வயல். கோபுரம்கூட உண்டு. ஒரு வருஷம் வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தபோது, "இங்கன பொறந்திருந்தா இத தாண்டித்தான சாமி வந்திருக்கணும்" என்றார் சூசை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரருக்கு வயர்ப் பஞ்சம் ஏது? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பல்பு வைத்திருந்தார். கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற டைமர் ஒன்றை மலைக்குள் எங்கோ ஒளித்து மாட்டியிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது. நடுவில் இருந்த மாட்டுத் தொழுவத்தில், குழந்தை இயேசுவைக் கிடத்துகிற புல்லணை மட்டும் காலியாக இருந்தது.

அவர் இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். காலை ஆறரைக்குப் போன உயிர். மறுநாள் கிறிஸ்துமஸ் என்பதால் இன்றைக்கே நாலரை மணிக்கு அடக்கம் என்று சாமியார் சொல்லியனுப்பிவிட்டார்.

"பிச்சுப் போடுங்கப்பா," என்றாள் சூசையின் அக்கா ஞானப்பூ. "துட்டி வீட்டுல என்ன குடிலு? பலகையத் தூக்கிப் பொறவாசல்ல சாத்துங்க."

"தொடாதீங்க."

காலையிலிருந்து பொன்மணி பேசிய முதல் வார்த்தை அது. புருஷன் போன பிறகு அழக்கூட இல்லையே என்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அப்போதுதான் காதோடு காதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

"ஏட்டி, அவன எங்கன வைக்க?"

"எங்கன வேணாலும் வைங்க மதினி. அதத் தொடாதீங்க."

அடுத்த வீட்டுப் பாண்டிராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். பீரோவையும் சோபாவையும் முற்றத்துக்கு இழுத்தார்கள். பெட்டி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. சூசையைத் தூக்கி வந்து வைத்தபோது அவர் கால்மாட்டில் பெத்லகேம் இருந்தது.

பொன்மணி தலைமாட்டில் உட்கார்ந்து, அடுக்களைப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். அடுக்களையில் அரிசி டிரம் இருந்தது. டிரம்மின் அடியில், கைக்குட்டையில் சுற்றிப் பாலன் இயேசு இருந்தார்.

விரல் நீளச் சிலை, சுரூபம் என்பார்கள். கல்யாணத்தின்போது அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்தது. அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். குடில் முழுக்க சூசையின் ராஜ்யம், பாலன் மட்டும் பொன்மணியின் பொறுப்பு. வருஷம் பூராவும் அவள்தான் பத்திரமாக வைத்திருப்பாள். இருபத்துநாலாம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் சூசை குடிலின் முன்னால் முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார். அவள் கொடுப்பாள். அவர் புல்லணையில் வைப்பார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவராக எடுத்து வைத்ததில்லை.

ஆவணியில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். குனியக் கூடாது, ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. டிசம்பர் பிறந்ததும் மனுஷன் பிளைவுட்டை இறக்கிவிட்டார். சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. கடைசியில் பாலனை அரிசிக்குள் புதைத்துவிட்டு, "இந்த வருசம் பாலன் கெடையாது. வெறும் தொழுவத்த வச்சு என்ன செய்வீகன்னு பாக்கேன்" என்றாள். பாலன் இல்லையென்றால் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவரோ சிரித்துக்கொண்டே கட்டி முடித்துவிட்டு, தேட ஆரம்பித்தார். பீரோவில் தேடினார், மெத்தைக்கு அடியில் தேடினார், தையல் மிஷின் டிராயரில் தேடினார். அவளுக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

இன்று காலை அவள் தேயிலைத் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தபோது ஏணி கிறீச்சிட்டது.

"பொன்மணி, பாலன் பரண்லதான இருக்கு?"

"தேடுங்க, தேடுங்க," என்றாள் அடுப்பைப் பார்த்தபடி.

அதுதான் அவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது. அரிசியிலே கிடக்கு, இறங்குங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தேயிலையை ஆற்றிக்கொண்டு வந்தபோது அவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. தலைமுடியில் ஒட்டடை.

பதினொரு மணிக்கு மகள் பிரின்சி மதுரையிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டியூட்டியில் கேட்பதுபோலக் கேட்க ஆரம்பித்தாள்.

"எத்தன மணிக்கு?"

"ஆறரை இருக்கும்," என்றார் பாண்டிராஜ். "ஒங்கம்மா சத்தம் போட்டா. ஓடியாந்தேன். ஏணிக்குக் கீழ இருந்தாரு."

"ஏணியா? ஏணில எதுக்கு?"

"பரண்ல ஏறியிருக்காரும்மா."

பிரின்சி பொன்மணியின் பக்கம் திரும்பினாள். "பரண்ல எதுக்கும்மா ஏறுனாவ? குடிலுதான் முடிஞ்சிருச்சே. பல்பு, வயரு எல்லாம் கீழதான கெடக்கு?"

"தெரியல மக்கா."

"ஒனக்குத் தெரியாம எப்படி ஏறுவாவ? நீ எங்கன இருந்த?"

"அடுக்களைல."

"அப்பா ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

பொன்மணி இல்லை என்று தலையை அசைத்தாள். இறந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்ன பொய். பயமாக இருந்தது. புருஷனை இழந்தாயிற்று, இவளும் போய்விட்டால்? பெற்ற மகள் ஒரு தடவை வெறுத்துப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி இருப்பது?

"எதையோ தேடியிருக்கான்," என்றாள் ஞானப்பூ. பிறகு பெட்டியின் தலைமாட்டைப் பார்த்தாள். "பத்தி குத்த ஒண்ணுமில்லையே. ஏட்டி பிரின்சி, ஒரு படி அரிசி எடுத்துட்டு வா."

பிரின்சி எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

பொன்மணியும் எழுந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் அவள் கையைப் பிடித்து உட்கார்த்தினார்கள். "எங்கட்டி போற? நீ எந்திரிக்கக் கூடாது."

"அரிசி... நான் எடுக்கேன்."

"அவ எடுப்பா. நீ இரி."

டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நேற்றுத்தான் அரிசி பாதிக்குக் கீழே போயிருந்தது, இடத்தை மாற்ற வேண்டும் என்று பொன்மணியே நினைத்திருந்தாள். படியால் அரிசியை அள்ளுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. மறுபடியும். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் பிரின்சி வந்தாள். தலைதட்டி அளந்த ஒரு படி அரிசியைத் தலைமாட்டில் வைத்து, ஊதுபத்தியைக் குத்தி, பற்ற வைத்தாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில்தான் பற்றியது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பரணைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் பொன்மணியை வதைத்தது. கேட்டுத் திட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம். கோவிலில் பூசை நடந்தபோதும், கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோதும் பிரின்சி அவளுக்கு ஓரடி தள்ளியே நின்றாள். ஒரு கை மட்டும் சுடிதார்ப் பைக்குள்ளேயே இருந்தது.

வீடு திரும்பியதும் பொன்மணி நேரே அடுக்களைக்குப் போய், டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அரிசி மட்டும்தான் இருந்தது.

ஹாலுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டி போன இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பிரின்சி எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஞானப்பூ ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பாண்டிராஜ் வீட்டிலிருந்து வந்த இட்லித் தூக்கு திறக்காமல் இருந்தது.

சரியாக ஆறு மணிக்கு மலைக்குள்ளிருந்து டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. ரயில்வே ஸ்டேஷனில் விளக்கு எரிந்தது. பூ மார்க்கெட்டில் எரிந்தது. கோபுர உச்சியில் ஒரு சிவப்பு எரிந்தது. கடைசியாகத் தொழுவத்துக்குள் மஞ்சளாக ஒன்று எரிந்து, காலிப் புல்லணையைக் காட்டியது.

"அமத்துங்கட்டி அத," என்றாள் ஞானப்பூ. "துட்டி வீட்டுல என்ன வெளக்கு, ஊரு என்ன சொல்லும்?" தானே எழுந்து போய்ப் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சுவிச்சு எங்கன வச்சிருக்கான் இந்தப் பய?"

வாசலில் நின்ற பாண்டிராஜ் உள்ளே வந்து சாக்கு மலையைத் தடவிப் பார்த்தார். "அவரு வச்சத அவருதான் எடுக்கணும் அக்கா. மெயின அமத்துனா வீடே இருட்டாயிரும்."

ஞானப்பூ மறுபடி உட்கார்ந்தாள். தம்பியின் வேலைப்பாட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

பொன்மணி வாயைத் திறந்தாள். "பிரின்சி, அப்பா பரண்ல தேடுனது..."

"தெரியும்."

"நான்தான் ஒளிச்சு வச்சேன் மக்கா. தேடுங்கன்னும் சொன்னேன்."

"போன்ல நான் என்னம்மா சொன்னேன்?" என்று கேட்டாள் பிரின்சி. "சண்ட போட்டாவது அப்பாவ நிப்பாட்டுன்னு நானுந்தான சொன்னேன்."

அவள் எழுந்து வந்து, சுடிதார்ப் பைக்குள்ளிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். காலையிலிருந்து கையிலேயே இருந்ததில் துணி கசங்கி ஈரமாகியிருந்தது. பிறகு போய்க் குடிலின் முன்னால் முழங்காலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"இன்னும் மணி பன்னெண்டு ஆவலையேட்டி," என்றாள் ஞானப்பூ.

பொன்மணி முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரமானது. எழுந்து போய்க் கொடுத்தாள். பாலனின் முழங்கால் மடிப்பில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. பிரின்சி அதைத் தட்டிவிடாமல், அப்படியே புல்லணையில் வைத்தாள்.