முகம் அடுத்த வெளியீட்டில்

புராடக்ட் மேனேஜர் பயிற்சியில் சேர்கிறவர்களுக்கு அந்த நிறுவனம் ஆளுக்கு ஒரு வாடிக்கையாளரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். சோழிங்கநல்லூர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில், கேன்டீனை ஒட்டிய கூடத்தில், வாடிக்கையாளர்கள் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி முடிகிறவரை அவர் நம் வீட்டில் இருப்பார். அவருக்கு வேண்டியதை நாம் செய்து கொடுக்க வேண்டும். ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் நாம் தேர்ச்சி.

சுகந்திக்கு வாய்த்தவர் தாணுலிங்கம். நாகர்கோவில்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகந்தி அதுவரை டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். அடுத்தவர் செய்ததில் நொட்டை சொல்லியே பல வருஷம் சம்பளம் வாங்கியவள். அந்தப் பிரிவை மூடப்போகிறார்கள். மேனேஜராகத் தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அதனால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, மேடவாக்கம் வீட்டுக்கு அழைத்துப்போய், காப்பி கொடுத்துக் கேட்டாள்.

“உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“ஒரு மகன் வேணும் மக்ளே.”

மற்றவர்களுக்கு வாய்த்தவர்கள் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் ஆப், மாத்திரையை நினைவூட்டும் கடிகாரம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சுகந்தி மறுநாள் இதைப் பயிற்சியாளர் வைத்தீஸ்வரனிடம் கொண்டுபோனாள். அவர் அசரவில்லை.

“பெரிய ஐட்டம். உடைங்க,” என்றார். “ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவுலயும் ஓடுற மாதிரி ஒண்ணைக் கையில கொடுக்கணும். முழுசா செஞ்சுதான் தருவேன்னு உக்காந்தா கிழவர் போய்ச் சேந்துடுவார். இருக்கறதுலயே சின்ன மகன் எது? அங்கேர்ந்து ஆரம்பிங்க.”

டெவலப்பர்கள் கூடிப் பேசி, ஞாயிறுதோறும் போனில் வரும் ஒரு குரலைச் செய்தார்கள். அதற்கு ‘சாப்பிட்டீங்களாப்பா’, ‘சரிப்பா’ என்ற இரண்டைத் தவிர வேறு தெரியாது. தாணுலிங்கத்துக்கு அதுவே தாராளம். குலசேகரம் ரூட்டில் பிரேக் பிடிக்காமல் வண்டி இறங்கிய கதையை அதனிடம் ஆதியோடந்தமாகச் சொன்னார். “பயலுக்கு வேல ஜாஸ்தி, கேட்டியா. ரொம்பப் பேசமாட்டான்,” என்று சுகந்தியிடம் பெருமைப்பட்டார்.

இரண்டாவது ஸ்பிரின்டில் வாசலுக்கு ஒரு ஜோடிச் செருப்பும் கொடிக்கு ஓர் ஈரத் துண்டும் வந்தன. அன்றிலிருந்து குழம்பு மீனில் நடுத்துண்டை அவர் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அதைச் சுகந்திதான் சாப்பிட்டாள்.

மூன்றாவதில் முதுகு வந்தது. முகம் இப்போதைக்கு ஆகாது என்று டெவலப்பர்கள் சொல்லிவிட்டார்கள். முகம் என்று ஒன்று வந்தால் சிரிப்பு, கோபம், பொய் எல்லாம் கூடவே வரும், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும் என்றார்கள். ஆகவே மகன் சனிக்கிழமைகளில் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நாற்காலி போட்டு தாணுலிங்கம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“எங்க அப்பனுக்க முதுகு மாதிரியே இருக்கு,” என்றார் ஒருநாள். “முகத்தையும் பாத்துட்டாப் போதும் மக்ளே. பொறவு ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

சுகந்திக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. தலைகீழாக நின்றாவது முகத்தை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் வைத்தீஸ்வரன் சந்தையில் இருக்கும் மகன்களைப் பற்றிய ஆய்வைத் திரையில் காட்டினார். அமெரிக்காவில் இருக்கும் மகன், ஆவடியில் இருக்கும் மகன், அதே வீட்டு மாடியில் இருக்கும் மகன். ஞாயிறு தவறாமல் பேசுகிறவன் அபூர்வம். வாசலில் செருப்பை விடுகிறவன் அதைவிட அபூர்வம். முகத்தைக் காட்டியவன் பெரும்பாலும் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தவன்.

“நம்ம மகன் எல்லாரையும் தாண்டிட்டான். முகம் வேஸ்ட், வெட்டிடுங்க,” என்றார். “இல்லைன்னு அவர்கிட்ட நேர்ல சொல்றதுதான் உங்களுக்குக் கடைசிப் பரீட்சை.”

மறுத்துப் பேச சுகந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக்கு அப்பால் டெஸ்டிங் பிரிவின் நாற்காலிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வந்ததை விழுங்கிக்கொண்டாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விழுங்கினாள்.

“முகம் இந்த வெளியீட்டுல இல்ல சார்,” என்று சனிக்கிழமை சொன்னாள்.

தாணுலிங்கம் சுவரைப் பார்த்திருந்த முதுகுக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சாரமில்ல, போட்டும்,” என்றார். “கொள்ளி வைக்கியவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னுதானே வைக்கணும். வச்சுட்டுத் திரும்பிப் பாக்கவும் பிடாது. அதுக்கு முதுகு போதும்லா.”

“அப்ப ஏத்துக்கிறீங்களா சார்?”

“ஏத்துக்கிட்டேன் மக்ளே.”

ஆனால் நிறுவனத்தில் எந்த வேலையையும் ஓட்டிக் காட்டாமல் முடிந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொள்ளி இப்போது மகனின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. செயல்விளக்கம் ஸ்பிரின்டின் கடைசி வெள்ளியன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் நடப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை தோதுப்படுமா என்று சுகந்தி தரையைப் பார்த்தபடி கேட்டாள். வியாழக்கிழமை முடிவெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வெள்ளி தோதுதான் என்றார் தாணுலிங்கம்.

வெள்ளியன்று காலையிலேயே அவர் இறந்துகொடுத்தார். பெரும்பாக்கம் சுடுகாட்டில் மகன் தோளில் பானையோடு மூன்று சுற்று வந்தான். பானையைப் பின்னால் விட்டு உடைத்தான். திரும்பி நின்று கொள்ளி வைத்தான், திரும்பிப் பாராமல் நடந்தான். எந்த இடத்திலும் சிக்கவில்லை. டெவலப்பர்கள் கைதட்டினார்கள். அழுதது சுகந்தி ஒருத்திதான். மகனுக்கு அழ முகம் வேண்டுமே, அதைத்தான் அவளே வெட்டியிருந்தாளே. வைத்தீஸ்வரன் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு, எல்லோரையும் சாப்பிடக் கூட்டிப்போனார்.

பயிற்சிக்கு வந்த அடுத்த அணிக்கு வாடிக்கையாளர்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மேனேஜர் சுகந்திக்கு வந்தது. தரைத்தளக் கூடத்தில், மடியில் பையோடு, சுடுகாட்டில் எரிந்த அதே தாணுலிங்கம் உட்கார்ந்திருந்தார். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

“சொகமா இருக்கியா மக்ளே? பய எப்பிடி இருக்கான்?”

“விற்பனைக்கு வந்துட்டான் சார். நிறைய வீட்டுல இருக்கான்.”

“இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.”

சுகந்தி அவரை இர்ஃபான் என்கிற புதுப் பையனிடம் ஒப்படைத்தாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று இர்ஃபான் அங்கேயே கேட்டான். தாணுலிங்கம் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஒரு குடை வேணும் மக்ளே. மொத்தமும் வேண்டாம், பிடி மட்டும் தந்தாப் போதும். மிச்சத்த மழ வரும்போ பாத்துக்கிடலாம்.”